இரண்டாம் வேளை மருந்து

அத்தியாயம் 17

கண்ணாஸ்பத்திரி மாடிப்படியில் அன்னக்கொடியை உட்காரவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்துவிட்டோம். அவளுக்கு அது அரை மணி நேரம்தான். இன்னும் அதே படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காக இன்னொரு தரம் சொல்லிவிடுகிறேன். எனக்கும் இதைச் சொல்ல மனசு வரவில்லை.

அன்னக்கொடியின் மகள் ஆறு வயதுப் பேச்சிக்கு இடது கண் பார்வை போய்விட்டது. இனி வராது. பூனை வயிற்றிலும் நாய் வயிற்றிலும் இருக்கிற புழுவின் முட்டை, அதுகளின் கழிவோடு மண்ணில் கிடக்கும். அந்த மண்ணை அளைந்த கையைப் பிள்ளை வாயில் வைத்தால் உள்ளே போய்விடும். அப்படிப் போன ஒன்று பொரிந்து, உடம்பெல்லாம் அலைந்து, கண்ணுக்குள் போய் நின்றுவிட்டது. எங்கோ ஒரு பிள்ளைக்குத்தான் இப்படி ஆகும் என்றார் டாக்டர்.

"வீட்ல பூனை இருக்கா? அதுக்குப் பூச்சி மருந்து குடுக்கிறதுண்டா?" என்று அவர் கேட்டதும், அவள் புருஷன் மலையாண்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டு வேளையும் குடுத்துருக்கோம் டாக்டர். எம்பொண்டாட்டிதான் குடுத்தா" என்றான்.

அன்னக்கொடி வாயைத் திறக்கவில்லை. போன வாரம் நாம் விட்ட இடம் அதுதான்.

ரெங்கம்மாள் மேலேயிருந்து இறங்கி வந்தாள். அன்னக்கொடியின் தங்கை. வார்டில் பேச்சியோடு துணைக்கு இருப்பவள் அவள்தான்.

"அக்கா, மாமா எங்க போறாருன்னு தெரியுமா?"

"டீ குடிக்கப் போயிருப்பாரு."

"டீயுமில்ல, காப்பியுமில்ல. சைக்கிள எடுத்துக்கிட்டுக் காளவாசலுக்குப் போறாரு. அந்தக் கம்பவுண்டர் பால்பாண்டி பூனை மருந்துல தண்ணியக் கலந்து குடுத்து எம்புள்ள கண்ணப் பறிச்சுட்டான், அவன் கைய ஒடிக்காம வரமாட்டேன்னுட்டுப் போறாரு."

அன்னக்கொடி எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"நீ புள்ளையப் பாத்துக்க. நான் போயிட்டு வாரேன்."

"எங்கக்கா?"

படியிறங்கியவள், காலில் செருப்பு இல்லை என்பதைப் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கவனித்தாள்.

பஸ் காளவாசல் போய்ச் சேருவதற்குள், போன பங்குனியில் என்ன நடந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

கோச்சடையில் அவர்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு அறை எடுத்துக் கட்டலாம் என்று தை மாதமே வைகை மணல் ஒரு வண்டி கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். கொத்தனார் இன்றைக்கு வாரேன் நாளைக்கு வாரேன் என்று இழுத்தடித்ததில் மணல் மட்டும் மாதக்கணக்காகக் கிடந்தது. பூனைக்கு அதைவிட வசதியான இடம் வேறு எங்கே கிடைக்கும்? தாய்ப்பூனை தோண்டி, இருந்து, மூடிவிட்டுப் போகும். மூன்று குட்டிகளும் பின்னாலேயே போய்ப் பழகின. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேச்சி அதே மணலில் வீடு கட்டி விளையாடுவாள்.

குட்டிகளுக்கு வயிறு மட்டும் சட்டி மாதிரி உப்பியிருந்தது. அன்னக்கொடிதான் அவற்றைக் கூடையில் போட்டு, மேலே துணியைக் கட்டி, காளவாசலுக்குத் தெற்கே சந்துக்குள் வைத்தியம் பார்க்கும் மாட்டு டாக்டர் நாகசுப்பிரமணியனிடம் எடுத்துப்போனாள். பசுவும் கிடாயும் நின்ற வரிசையில் பூனைக்கூடையோடு ஒருத்தி நின்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இன்றைக்கு ஒரு வேளை, பதினைந்து நாள் கழித்து ஒரு வேளை, தாய்க்கும் சேர்த்து என்றார். பால்பாண்டி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, இங்க் ஃபில்லரால் எப்படிப் புகட்டுவது என்று காட்டியும் கொடுத்தான்.

முதல் வேளை கொடுத்த மறுநாள் மணலில் வேகவைத்த சேமியா மாதிரி சுருண்டு சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்த பிறகு ஒரு மாதம் அவள் வீட்டில் பாயசம் வைக்கவில்லை.

பதினைந்தாம் நாள் வந்தது. அப்போது மலையாண்டியின் கையில் மஞ்சள் காப்பு இருந்தது.

அதற்கு முந்தின வருஷம் பேச்சிக்கு அம்மை போட்டிருந்தது. பிழைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அதற்காகக் கட்டிய காப்பு. அந்த எட்டு நாளும் அவர்கள் வீட்டில் ஒரு உயிர் சாகக் கூடாது. எலிப்பொறி பரணுக்குப் போய்விடும். அடுப்படியில் எறும்பு சாரை விட்டால் தாண்டித்தான் போவார்கள். கன்னத்தில் கொசு கடித்தாலும் மலையாண்டி உதட்டைக் கோணிக்கொண்டு ஊதித்தான் விரட்டுவான்.

"வயித்துப் பூச்சி மட்டும் உயிரில்லையா?" என்று அன்றைக்கு அவன் கேட்டான். "அம்புட்டும் செத்து விழுந்துச்சுன்னு நீதானடி சொன்ன. காப்பு அவுக்கட்டும். எட்டு நாள்தான, அப்பறம் குடு."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எட்டு நாளில் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

காப்பு அவிழ்ந்தது. வந்த சொந்தக்காரர்கள் போனார்கள். பாட்டில் ஜன்னல் கட்டையில் இருந்தது. நாளைக்குக் குடுப்போம் என்று ஒருநாளும், நாளைக்குக் குடுப்போம் என்று மறுநாளுமாக நாள் போனது. குட்டிகளோ கொழுகொழுவென்று தேறிவிட்டிருந்தன. ஒருநாள் அவள் மாவாட்டிக்கொண்டிருந்தபோது மலையாண்டி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"பூனைக்கு அந்த ரெண்டாவது மருந்து குடுத்துட்டியா?"

"அதெல்லாம் குடுத்தாச்சு."

ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. கை முழுக்க மாவு. இல்லை என்றால் ஏன் என்பான். சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தாள். சாயங்காலம் வேறு வேலை வந்தது. சித்திரையில் அந்தப் பாட்டிலைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டாள்.

இவ்வளவுதான். ஊர் உலகத்தில் எல்லா வீட்டிலும் தினம் நடப்பது. அதற்கு இந்தத் தண்டனையா என்று பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்று தன் இடத்தைக் கொடுத்தாள்.

சந்து முனையிலேயே சத்தம் கேட்டது.

மலையாண்டி பால்பாண்டியின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரோடு சாய்த்திருந்தான். பால்பாண்டி ஒல்லியான ஆள். கால் பெருவிரல்தான் தரையில் இருந்தது. மாடு பிடித்துவந்திருந்தவர்கள் கயிற்றை விடவும் முடியாமல், விலக்கவும் முடியாமல் நின்றார்கள்.

"அண்ணே, சொல்றதக் கேளுண்ணே. அதே மருந்தத்தான் டாக்டர் வீட்டுப் பூனைக்கும் குடுக்கறேன்."

"ரெண்டு வேளையும் குடுத்தாடா. எம்பொண்டாட்டி பூனைகிட்டப் பிறாண்டு வாங்கிக்கிட்டு ரெண்டு வேளையும் குடுத்தா. அப்பறம் எப்படிடா எம்புள்ள கண்ணுக்குள்ள போச்சு? பச்சத் தண்ணிய ஊத்திக் குடுத்தியா?"

டாக்டர் நாகசுப்பிரமணியன் உள்ளேயிருந்து வந்தார். முழங்கைவரை ஈரம். வயசு அறுபது இருக்கும். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர்.

"மொதல்ல அவன விடுங்க. கையாலாகாதவன அடிச்சு என்ன ஆகப்போகுது? என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்" என்றார். மலையாண்டி விடவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் கேட்டார். "ரெண்டாவது வேளை என்னைக்குக் குடுத்தீங்க?"

"காப்பு அவுத்த பெறகு."

"எத்தனை நாள் கழிச்சு?"

மலையாண்டிக்கு அது தெரியாது. அப்போதுதான் திரும்பி, சந்தில் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"இந்தா, அவளே வந்துட்டா. நீயே சொல்லு. என்னைக்குக் குடுத்த?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பஸ்ஸில் வரும்போது அவள் ஏழெட்டு விதமாக யோசித்து வைத்திருந்தாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், டாக்டர் காலில் விழுந்து அவரை விட்டுச் சொல்லச் சொல்லலாம், கொஞ்சம் கொடுத்தேன் கொஞ்சம் சிந்திவிட்டது என்று சொல்லலாம். பால்பாண்டியின் முகம் சிவந்துபோய்க் கண் பிதுங்கியது. அவனுக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கும் என்றுதான் அவளுக்கு அப்போது தோன்றியது.

"அவர விட்டுருங்க. நான் குடுக்கல" என்றாள்.

"என்ன குடுக்கல?"

"ரெண்டாவது வேளை மருந்து. குடுக்கவே இல்ல. குடுத்தாச்சுன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

மலையாண்டியின் பிடி தளர்ந்தது. கசங்கியிருந்த பால்பாண்டியின் சட்டையை மலையாண்டியே இரண்டு தரம் நீவிவிட்டான். அறுந்த பொத்தானைத் தேடுகிறவன் மாதிரி தரையைப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கப்பா" என்றான்.

"பரவால்லண்ணே" என்றான் பால்பாண்டி.

டாக்டர் அன்னக்கொடியை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"இங்க பாருங்கம்மா. மொத மருந்துக்கு வயித்துல வளந்து கெடக்கிற பூச்சிதான் விழும். சின்னது இன்னும் உடம்புக்குள்ள சுத்திக்கிட்டிருக்கும். அது குடலுக்கு வந்து சேர்ற நேரம் பாத்துத்தான் மறுபடி குடுக்கச் சொல்றது. அதுக்காக, நீங்க குடுத்திருந்தா புள்ள கண்ணு பொழச்சிருக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். மொத வேளைக்கு முந்தியே அந்த மணல்ல முட்டை கெடந்திருக்கும். தெருநாய்க்குட்டிகூட அதே மணல்ல வந்து போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு ஆறவில்லை. யாருக்குத் தெரியும் என்பதுதான் இனி ஆயுசு முழுக்க அவளைத் தின்னப்போகிறது.

"பூனைய எங்கயும் கொண்டுபோய் விட்டுராதீங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு? மருந்து குடுங்க, மணல மூடி வைங்க, புள்ளைக்குக் கை கழுவப் பழக்குங்க. ஆமா, மூணு குட்டி பாத்தேனே. எல்லாம் வீட்லதான் இருக்கா?"

"ஒண்ண நாய் தூக்கிருச்சு. ஒண்ணு வீட்ல இருக்கு." அன்னக்கொடி மூன்றாவது விரலை மடக்கினாள். அவளுடைய கை தானாக வாய்க்குப் போனது. "ஒண்ணு ஆனையூர்ல இருக்கு."

"அந்த வீட்ல சின்னப் புள்ளைக உண்டா?"

உண்டு. மலையாண்டியின் தங்கை இருளாயியின் மகன் சின்னச்சாமி. அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. எலித் தொல்லை தாங்கவில்லை, ஒரு குட்டி குடுங்க மதினி என்று சித்திரையில் இருளாயி கேட்டாள். மூன்றில் அழகான குட்டியைப் பார்த்து எடுத்து, அன்னக்கொடிதான் அவள் மடியில் வைத்தாள்.

"பயந்துராதீங்க" என்றார் டாக்டர். "பெரும்பாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ஆனா அந்தக் குட்டிக்கு இன்னைக்கே மருந்து போயாகணும். புள்ளைய ஒரு தரம் கண்ணு டாக்டர்கிட்டயும் காட்டிரச் சொல்லுங்க. என்ன நடந்துச்சுன்னு மறைக்காம சொல்லணும். சொன்னாத்தான் காட்டுவாங்க."

பால்பாண்டிதான் மருந்தை அளந்து ஊற்றினான். மூடியை இறுக்கித் துணியால் துடைத்து அவள் கையில் கொடுக்கும்போது, "பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொரு வேளை குடுக்கணும்க்கா" என்று மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே மலையாண்டி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவன் சைக்கிள் மணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கே இல்லைன்னு சொல்லிருந்தா நான் உன்னைக் கொன்னா போட்டுருப்பேன்?"

"இல்ல."

"நானே புகட்டிருப்பேன்ல."

"ஆமா."

"அவளுக்காகத்தான காப்புக் கட்டுனேன். எட்டு நாளும் ஒத்த வேளை சாப்பிட்டு, தரையில படுத்து..." தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"ஆனையூர்ல குட்டி இருக்கு. இருளாயிகிட்டச் சொல்லணும்" என்றாள்.

அவன் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினான்.

"போய்ச் சொல்லு. உங்கண்ணன்தான் காப்புன்னு சொல்லி மருந்து குடுக்க வேணாம்னுட்டாருன்னு சொல்லு. நான் சொன்னேன்னா அவ பொறுத்துக்குவா. நீ குடுக்கலேன்னு தெரிஞ்சா இந்தச் சென்மத்துல உன் மூஞ்சில முழிக்கமாட்டா."

"நீங்க?"

"நான் புள்ளகிட்டப் போறேன்." பெடலில் கால் வைத்தவன் அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னான். "நீ இப்ப வார்டுக்கு வராத. நானாச் சொல்லி அனுப்புறேன்."

அவன் போய்விட்டான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அவளையும் விலக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான். இந்த மனுசனை எதில் சேர்ப்பது? அன்னக்கொடிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஆனையூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பேச்சி இந்நேரம் எழுந்து அம்மா எங்கே என்று கேட்டிருப்பாள். அம்மா வருவாள் என்று அவளுடைய அப்பா சொல்வாரா, சொல்லமாட்டாரா? அதை நினைத்தபோதுதான் நெஞ்சு தாங்காமல் போனது. கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதில் விழவில்லை.

இருளாயி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சின்னச்சாமி நடையில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு வாய் தின்ன, தட்டின் மறுபக்கத்தில் பூனைக்குட்டி ஒரு வாய் தின்றது. குட்டி இப்போது பெரிசாகி, பளபளவென்று இருந்தது.

"வாங்க மதினி. என்ன இந்த வெயில்ல, கால்ல செருப்புகூட இல்லாம? பேச்சிக்கு டாக்டர் என்ன சொன்னாரு? அண்ணன் வரலையா?"

"மொதல்ல புள்ளையத் தூக்கு, இருளாயி."

"ஏன்?"

"தூக்கு. சொல்றேன்."

இருளாயி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்றபடியே அன்னக்கொடி சொன்னாள். கண், மணல், பூனை, புழு. அதிகமாக அழாமல், விட்டுவிடாமல், டாக்டர் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். கேட்கக் கேட்க இருளாயியின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது.

"ரெண்டாவது வேளை ஏன் குடுக்கல?" என்றாள். அவளே பதிலும் சொன்னாள். "பங்குனின்னா காப்புக் கட்டிருந்த நேரம்ல? அண்ணன் வேணாம்னுருக்கும். சாமி விசயம்னா அது அப்படித்தான். பாவம், புள்ளைக்காகத்தான கட்டுச்சு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். நாத்தனார் உறவும் பிழைக்கும், புருஷன் சொல் கேட்ட மாதிரியும் ஆகும். முந்தி ஒரு தடவை குடுத்தாச்சு என்று சொன்ன மாதிரி, அவ்வளவு லேசாகச் சொல்லிவிடலாம்.

"இல்ல" என்றாள் அன்னக்கொடி. "காப்பு அவுத்த பெறகு உங்கண்ணன் கேட்டாரு. நான் குடுத்தாச்சுன்னு பொய் சொன்னேன். மருந்து குடுக்காத குட்டியத்தான் உன் மடியில வச்சேன். தப்பு என்னுது."

 இருளாயி பிள்ளையைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய்க் கையைக் கழுவினாள். வாயைத் துடைத்தாள். துடைத்த வாயையே திரும்பத் திரும்பச் சேலைத் தலைப்பால் துடைத்ததில் அவன் சிணுங்கினான். பிறகு நடையில் உட்கார்ந்து, மடியில் அவனை நிறுத்தி, இடது கண் தெரிகிறதா என்று பார்க்க ஒரு கையால் அவன் வலது கண்ணை மூடினாள். இன்னொரு கையில் கரண்டியை எடுத்தாள். கரண்டி தட்டில் பட்டுக் கடகடவென்று அடித்தது. சின்னச்சாமி கண்ணாமூச்சி என்று நினைத்துக்கொண்டு விரல் சந்தால் எட்டிப்பார்த்துச் சிரித்தான்.

இரண்டு தரம் முயன்றுவிட்டு இருளாயி கையை எடுத்துக்கொண்டாள்.

"மதினி" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்குக் கை நடுங்குது. நீங்களே கேளுங்க."

அன்னக்கொடி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியை வாங்கிக்கொண்டு, பையன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவனுடைய வலது கண்ணைச் சந்து விடாமல் பொத்தினாள். சின்ன இமை அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"சாமி, அத்தை கையில என்ன இருக்கு, பாத்துச் சொல்லு" என்றாள்.